நின்றுபோன நீராவி எஞ்சினை மறுபடி ஓட வைப்பது என்றால் என்ன?

ரயில் நிலைய வாசலிலோ அருங்காட்சியகத்திலோ மேடை கட்டி நிறுத்தியிருக்கும் நீராவி எஞ்சினைப் பார்க்கிற எல்லோருக்கும் இந்தக் கேள்வி வரும்: இதில் கரியைப் போட்டுப் பற்ற வைத்தால் ஓடாதா? பெயின்ட் பளபளக்கிறது, சக்கரம் இருக்கிறது, புகைபோக்கி இருக்கிறது, அப்புறம் என்ன தடை? தடை என்பதைவிட, அப்படிப் பற்ற வைப்பது உயிருக்கே ஆபத்து என்பதுதான் சரி. வெளியே எத்தனை கோட் பெயின்ட் அடித்திருந்தாலும், உள்ளே இருக்கிற இரும்பு எந்த நிலையில் இருக்கிறது என்பது பாய்லரைத் திறந்து அளந்து பார்க்கும் வரை யாருக்கும் தெரியாது.

முதலில் மூன்று வேலைகளைப் பிரித்துக்கொள்வோம். எஞ்சின் இப்போது எப்படி இருக்கிறதோ அப்படியே, மேலும் கெடாமல் வைத்திருப்பது ஒரு வேலை. இதைப் பாதுகாத்தல் என்று சொல்லலாம். அதை மறுபடி ஓடுகிற நிலைக்குக் கொண்டுவருவது மீட்டெடுத்தல். பழைய அமைப்பில் இல்லாத ஒன்றைச் சேர்ப்பதும், இருந்ததை வேறு மாதிரி செய்வதும் மாற்றியமைத்தல். சொல்லும்போது மூன்றும் தனித்தனியாகத் தெரிகிறது, ஆனால் பட்டறையில் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். ஓட வைக்க வேண்டுமானால் தேய்ந்த இரும்பை வெட்டி எடுத்தாக வேண்டும். அந்த வெட்டி எடுத்த இரும்புதான் பாதுகாக்க நினைத்தவர் காப்பாற்ற விரும்பிய சரித்திரம். எதை மாற்றுவது, எதைத் தொடாமல் விடுவது என்கிற இந்த ஒரு கேள்வி, முதல் நட்டைக் கழற்றுவதிலிருந்து கடைசி பெயின்ட் வரை கூடவே வரும்.

தந்தையும் மகனுமான ஸ்டீபன்சன்களின் ‘ராக்கெட்’ எஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள். 1829இல் செய்தது, அசல் எஞ்சின் இன்றும் பிரிட்டனில் இருக்கிறது. அதை யாரும் ஓட்டுவதில்லை, ஓட்டவும் கூடாது என்றுதான் நான் நினைக்கிறேன், ஏனென்றால் அந்த இரும்பின் ஒவ்வொரு தழும்பும் சான்று. ஓடுவதைப் பார்க்க ஆசைப்பட்டவர்கள் 1979இல் ஒரு நகலைச் செய்து அதை ஓட்டினார்கள். இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ராக்கெட் பிறந்தபோது அதன் சிலிண்டர்கள் செங்குத்தாகவும் இல்லாமல் படுக்கையாகவும் இல்லாமல் சாய்வாக இருந்தன. ஓடத் தொடங்கிய கொஞ்ச காலத்திலேயே அவற்றை ஏறக்குறையப் படுக்கையாக மாற்றிவிட்டார்கள். இப்போது இருக்கிற அசல், அந்த மாற்றங்களுக்குப் பிறகான அசல். அப்படியானால் ‘பழைய நிலைக்குக் கொண்டுவருவது’ என்றால் எந்தப் பழைய நிலைக்கு? பிறந்த நாளுக்கா, புகழ்பெற்ற நாளுக்கா, கடைசியாக ஓடிய நாளுக்கா? நீராவி எஞ்சின்கள் எல்லாமே தங்கள் காலத்தில் இப்படி மாற்றப்பட்டுக்கொண்டேதான் இருந்தன என்பதால், மாற்றம் என்றாலே துரோகம் என்று நினைக்க வேண்டியதில்லை.

சரி, எஞ்சினுக்குள் போவோம். எல்லாம் தொடங்குவதும் முடிவதும் பாய்லரில்தான், அதனால் அங்கே கொஞ்சம் நிதானமாக நிற்கலாம்.

டிரைவரும் நெருப்புக்குக் கரி போடுகிற ஃபயர்மேனும் நிற்கிற கேபினுக்கு முன்னால் நெருப்பு எரிகிற ஒரு பெரிய பெட்டி இருக்கிறது, அதுதான் ஃபயர்பாக்ஸ். அதன் பக்கங்களிலும் தலைக்கு மேலும் தண்ணீர் நிற்கும். நெருப்பிலிருந்து வரும் சூடான வாயு, நீண்ட உருளை வடிவப் பாய்லருக்குள் ஓடும் குழாய்கள் வழியாக முன்பக்கம் போகும். பெரிய எஞ்சின் என்றால் நூற்றுக்கும் மேற்பட்ட குழாய்கள். குழாய்க்குள்ளே வாயு, குழாயைச் சுற்றித் தண்ணீர். முன்பக்கத்து ஸ்மோக்பாக்ஸில் வாயு வந்து சேர்ந்து புகைபோக்கி வழியாக வெளியேறும். சிலிண்டரில் பிஸ்டனைத் தள்ளி வேலை முடித்த நீராவியும் அதே ஸ்மோக்பாக்ஸுக்குள் ஒரு முனை வழியாகப் பீறிட்டுக்கொண்டு வந்து புகைபோக்கிக்குள் பாயும், பாய்கிற வேகத்தில் வாயுவையும் இழுத்துக்கொண்டு போகும். நாம் கேட்கிற ‘குப் குப்’ சத்தம் இதுதான். எஞ்சின் அதிகமாக உழைக்க உழைக்க இழுப்பு கூடும், இழுப்பு கூடினால் நெருப்பு கொழுந்துவிட்டு எரியும், எரிந்தால் நீராவி கூடும். தேவைக்கேற்ப நெருப்பு தானாகவே ஏறி இறங்குகிற இந்த ஏற்பாடு எனக்கு எப்போதும் வியப்பு. இந்த இழுப்பை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மாற்றியமைத்தல் பற்றிப் பேசும்போது இங்கேதான் திரும்பி வருவோம்.

இப்போது ஆபத்து. ஒரு நடுத்தர எஞ்சினின் பாய்லரில் சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டு அழுத்தம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அழுத்தத்தில் ஒரு சதுர மீட்டர் தகட்டின் மேல் ஏறக்குறைய 140 டன் விசை விழுகிறது. உள்ளே இருக்கிற தண்ணீரோ 100 டிகிரியில் இல்லை, கிட்டத்தட்ட 200 டிகிரி செல்சியஸில் இருக்கிறது. அழுத்தம் பிடித்து வைத்திருப்பதால்தான் அது இன்னும் தண்ணீராக இருக்கிறது. பாய்லர் கிழிந்தால் அழுத்தம் போகும், போன அந்த நொடியில் தண்ணீரின் ஒரு பகுதி நீராவியாகப் பாயும், ஒரு லிட்டர் தண்ணீர் நீராவியானால் 1,600 லிட்டருக்கும் மேல் இடம் கேட்கும். வெடிப்பு என்பது இதுதான்.

உருளை வடிவம் அழுத்தத்தைத் தானே தாங்கிக்கொள்ளும். ஃபயர்பாக்ஸின் தட்டையான சுவர்களால் அது முடியாது, விட்டால் பலூன் மாதிரி உப்பிவிடும். அதனால் உள்சுவரையும் வெளிச்சுவரையும் நூற்றுக்கணக்கான ‘ஸ்டே’ என்கிற கம்பிகளால் இழுத்துக் கட்டியிருப்பார்கள். நெருப்பு மூட்டும்போது உள்சுவர் வெளிச்சுவரைவிட அதிகம் விரியும், அணைக்கும்போது சுருங்கும், ஒவ்வொரு தடவையும் இந்தக் கம்பிகள் கொஞ்சம் வளைந்து நிமிரும், பல ஆண்டுகள் இப்படி வளைந்து ஒருநாள் ஒடியும். ஒடிந்தது வெளியே தெரியாது. தெரிய வைப்பதற்காகவே சில ஸ்டேகளின் நடுவே சிறிய ஓட்டை போட்டிருப்பார்கள். கம்பி ஒடிந்தால் அந்த ஓட்டை வழியாக நீராவி கசிந்து காட்டிக்கொடுக்கும். எளிமையான, அழகான யோசனை.

ஃபயர்பாக்ஸின் கூரைத் தகட்டுக்கு மேல் எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும் என்பது ஃபயர்மேன் முதல் நாளே கற்றுக்கொள்கிற பாடம். கீழே ஆயிரம் டிகிரிக்கு மேல் நெருப்பு, அந்தச் சூட்டை உடனுக்குடன் எடுத்துக்கொள்வது மேலே இருக்கிற தண்ணீர். தண்ணீர் மட்டம் இறங்கிக் கூரை வெளிப்பட்டால் தகடு பழுத்துத் துவண்டு கிழியும். 1995 ஜூன் 16 அன்று அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், கெட்டிஸ்பர்க்கில் ஓடிய ஒரு சுற்றுலா ரயிலில் இதுவே நடந்தது. தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக்கான வழிகள் உப்புப் படிவால் அடைபட்டிருந்தன, மட்டம் சரியாகத் தெரியவில்லை, கூரைத் தகடு இறங்கியது, கேபினில் இருந்த 3 பேர் தீக்காயம் பட்டார்கள். பாய்லர் முழுவதும் கிழியாமல் ஒரு பகுதியோடு நின்றதால் உயிர்கள் தப்பின. அதற்குப் பிறகு அங்கே விதிகளைத் திருத்தினார்கள்: 15 ஆண்டுகள், அல்லது ஓட்டத்தில் இருந்த 1,472 நாட்கள், எது முதலில் வருகிறதோ அப்போது பாய்லரை முழுவதும் பிரித்து ஆராய வேண்டும். பிரிட்டனின் பாரம்பரிய ரயில்களில் பொதுவாக 10 ஆண்டுக் கணக்கு.

அப்படியானால் பாய்லரைச் சரிசெய்வது எப்படி நடக்கிறது? முதலில் பாய்லரைச் சுற்றியிருக்கிற சூடு தாங்கும் போர்வையை எடுக்க வேண்டும். பழைய எஞ்சின்களில் அது பெரும்பாலும் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ். அதன் தூசி நுரையீரலுக்கு விஷம், ஆகவே அதற்கென்று பயிற்சியும் உரிமமும் உள்ளவர்கள்தான் எடுக்க வேண்டும். ஆர்வத்தோடு வருகிற புதியவர்கள் தயவுசெய்து இதில் கை வைக்காதீர்கள். அப்புறம் கிரேன் வைத்துப் பாய்லரை, அதைத் தாங்குகிற இரும்புச் சட்டத்திலிருந்து தூக்குவார்கள். குழாய்களை எல்லாம் வெட்டி வெளியே எடுப்பார்கள், அவை பெரும்பாலும் திரும்பப் போகாது, புதுக் குழாய்கள்தான். உள்ளே படிந்த உப்பையும் துருவையும் சுத்தம் செய்தபின், மீயொலிக் கருவியால் தகட்டின் கனத்தைக் கட்டம் கட்டமாக அளப்பார்கள். முதலில் போட்ட கனம் எவ்வளவு, இன்று மிச்சம் எவ்வளவு, துருக் குழிகள் எவ்வளவு ஆழம், வளைவுகளில் கீறல் ஓடியிருக்கிறதா என்று ஒரு வரைபடமே தயாராகும். எஞ்சின் பிழைக்குமா, செலவு கையைக் கடிக்குமா என்பது அந்த வரைபடத்தைப் பார்த்ததும் தெரிந்துவிடும்.

கெட்ட பகுதியை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு பதிப்பார்கள். அந்தக் காலத்தில் எல்லாம் ரிவெட். பழுக்கக் காய்ச்சிய ரிவெட்டை ஓட்டையில் விட்டு, ஒருபக்கம் தாங்கிப் பிடித்து மறுபக்கம் அடித்துத் தலை உண்டாக்குவார்கள், ஆறும்போது அது சுருங்கித் தகடுகளை இறுக்கிக்கொள்ளும். இன்று பல இடங்களில் வெல்டிங். பிரிட்டிஷ் எஞ்சின்களில் உள் ஃபயர்பாக்ஸ் பெரும்பாலும் செம்பு. செம்பு சூட்டை நன்றாகக் கடத்தும், விரிந்து சுருங்கினாலும் பொறுத்துக்கொள்ளும், ஆனால் விலை அதிகம், வெல்டிங் செய்வதற்கும் தனித் திறமை வேண்டும். எஃகு மலிவு, ஆனால் தண்ணீரின் தரத்தில் கவனம் தவறினால் சீக்கிரம் அரித்துவிடும். செம்பு இருந்த இடத்தில் எஃகு போட்டால் அது மீட்டெடுத்தலா, மாற்றியமைத்தலா? முதல் சண்டை இங்கேயே தொடங்கிவிடுகிறது, பாருங்கள்.

எல்லாம் முடிந்ததும் சோதனை. முதலில் நெருப்பே இல்லாமல், பாய்லர் முழுவதும் தண்ணீரை நிரப்பி, வேலை செய்கிற அழுத்தத்தைவிட அதிகமாக, பல இடங்களில் ஒன்றரை மடங்கு வரை, பம்பால் ஏற்றுவார்கள். ஏன் தண்ணீர்? குளிர்ந்த தண்ணீர் ஏறக்குறைய அமுங்காத பொருள், அதனால் அதற்குள் சேமிப்பான சக்தி மிகக் குறைவு. எங்காவது விட்டுக்கொடுத்தால் பீறிட்டுக் கசியும், வெடிக்காது. இதில் தேறினால்தான் நெருப்பு. அந்த நெருப்பையும் அவசரமாக மூட்டக் கூடாது. பெரிய பாய்லர் குளிர்ந்த நிலையிலிருந்து சூடாக ஒரு நாள் வரைகூட எடுத்துக்கொள்வார்கள், ஏனென்றால் ஒருபக்கம் சூடேறி மறுபக்கம் குளிர்ந்திருந்தால் இணைப்புகள் இழுபடும். சூடான பாய்லர் நீளத்திலும் வளரும். அதனால்தான் அதை முன்பக்கம் மட்டும் சட்டத்தோடு இறுக்கிவிட்டு, பின்பக்கம் நகர்ந்துகொள்ள வழிவிட்டு உட்கார வைத்திருப்பார்கள்.

பாய்லருக்குக் கீழே இருக்கிறது சட்டம், எஞ்சினின் முதுகெலும்பு. இதில் தேடுவது விரிசல்களை. சாயத்தைத் தடவித் துடைத்தால் விரிசலுக்குள் போன சாயம் மட்டும் கோடாகத் தெரியும். காந்தமாக்கி இரும்புத் தூளைத் தூவினாலும் விரிசல் இருக்கிற இடத்தில் தூள் கூடி நிற்கும். சட்டம் நேராக இருக்கிறதா, சிலிண்டரின் நடுக்கோடும் அச்சுகளும் ஒன்றுக்கொன்று சரியான கோணத்தில் இருக்கின்றனவா என்று ஒளிக்கருவிகளால் அளப்பார்கள். இது கோணினால் என்னதான் புதிய பேரிங் போட்டாலும் சூடாகிக்கொண்டே இருக்கும்.

சக்கரத்தைப் பற்றி ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. ரயில் சக்கரம் ஒரே வார்ப்பு மாதிரி தெரிந்தாலும், நீராவி எஞ்சினில் தண்டவாளத்தைத் தொடுகிற வெளிவளையம் தனி. அதற்கு டயர் என்றே பெயர், எஃகு டயர். சக்கரத்தின் அளவைவிடக் கொஞ்சம் சின்னதாக, விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சின்னதாகக் கடைந்து, சூடேற்றி விரிய வைத்து மாட்டிவிடுவார்கள், ஆறினால் கவ்விக்கொள்ளும். மாட்டுவண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போடுகிற அதே தத்துவம்தான். தேய்ந்தால் லேத்தில் கடைந்து வடிவத்துக்குக் கொண்டுவரலாம், ரொம்பத் தேய்ந்தால் புது டயர்.

பேரிங்குகளில் ஒயிட் மெட்டல் என்கிற மென்மையான உலோகம் ஊற்றுவார்கள். வெள்ளீயம், ஆன்டிமனி, செம்பு கலந்தது. எண்ணெய் வற்றினால் அது உருகிவிடும், விலையுயர்ந்த அச்சு தப்பிக்கும். பிரிட்டனின் ஏ4 வகை எஞ்சின்களில் நடுச் சிலிண்டரின் பெரிய பேரிங் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்ததால், சூடேறினால் உடைந்து சோம்பு வாசனை அடிக்கிற குப்பியை அதில் வைத்திருந்தார்கள், டிரைவருக்கு மூக்கு சொல்லிவிடும். அந்த வகையைச் சேர்ந்த ‘மல்லார்ட்’ 1938 ஜூலை 3 அன்று மணிக்கு 126 மைல், அதாவது சுமார் 203 கிலோமீட்டர் வேகம் தொட்டு நீராவி எஞ்சினுக்கான உலக சாதனை படைத்தது. அன்று சூடேறியதும் அதே நடு பேரிங்தான்.

உதிரிபாகம் எங்கே கிடைக்கும்? கடையில் கிடைக்காது. நீராவி எஞ்சின் செய்த பெரிய தொழிற்சாலைகளில் பெரும்பாலானவை இன்று இல்லை. ஜெர்மனியின் மைனிங்கன் பட்டறை மாதிரி இன்றும் முழுப் பாய்லர் செய்யக்கூடிய இடங்கள் உலகில் சிலவே. மற்றபடி வார்க்க வேண்டும். வார்ப்பிரும்புப் பாகம் உடைந்திருந்தால், பழைய வரைபடத்தைத் தேடி எடுத்து, அதன்படி மரத்தில் மாதிரி செய்து, ஆறும்போது இரும்பு சுருங்கும் என்பதால் மாதிரியை ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு பெரிதாகச் செய்து, மணலில் அச்செடுத்து ஊற்ற வேண்டும். வரைபடம் இல்லை என்றால் உடைந்த பாகத்தையே அளந்து, தேய்வதற்கு முன் அது எப்படி இருந்திருக்கும் என்று கணக்கிட வேண்டும். இந்த வேலையில் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. இல்லாத ஒன்றின் அளவைத் தேய்ந்துபோனதிலிருந்து கண்டுபிடிக்கிறார்கள்.

இன்னொரு வழி, சாவுக்குக் காத்திருந்த எஞ்சின்களிடமிருந்து. தெற்கு வேல்ஸில் பாரி என்கிற ஊரில் ஒரு பழைய இரும்புக் களம் இருந்தது; பிரிட்டிஷ் ரயில்வே கழித்துக்கட்டிய எஞ்சின்கள் அங்கே போய்ச் சேர்ந்தன. அந்த நிறுவனத்துக்குச் சரக்குப் பெட்டிகளை உடைக்கிற வேலையே நிறைய இருந்ததால் எஞ்சின்களைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தார்கள். கடல் காற்றில் துருப்பிடித்துக்கொண்டு நின்ற அவற்றில் 213 எஞ்சின்களை ஆர்வலர்கள் பணம் திரட்டி வாங்கிக்கொண்டு போனார்கள். கடைசி எஞ்சின் 1990இல் வெளியேறியது. இன்று அந்த நாட்டில் ஓடுகிற நீராவி எஞ்சின்களில் பெரும் பங்கு அங்கிருந்து வந்தவை.

எவ்வளவு காலம், எவ்வளவு பணம் என்று கேட்பவர்களுக்கு ‘ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மன்’ நல்ல பதில். 1923இல் டான்காஸ்டரில் செய்தது, 1934இல் மணிக்கு 100 மைல் தொட்டதாக முறைப்படி பதிவான எஞ்சின். பிரிட்டனின் தேசிய ரயில் அருங்காட்சியகம் 2004இல் வாங்கி, 2006இல் பிரித்தது. பிரிக்கப் பிரிக்கப் பிரச்சினை. சட்டத்தில் விரிசல்கள் தெரியவந்தன, போட்ட கணக்கு எல்லாம் மாறியது. கடைசியில் 2016இல்தான் மறுபடி ஓடியது, செலவு சுமார் 42 லட்சம் பவுண்டு. உலகிலேயே பெயர் பெற்ற எஞ்சினுக்கே பத்தாண்டு என்றால் மற்றவற்றை நினைத்துப் பாருங்கள்.

அதே எஞ்சின் இன்னொரு கேள்வியையும் கிளப்பும். அது ஏ1 வகையாகப் பிறந்தது, 1947இல் பெரிய பாய்லருடன் ஏ3 வகையாக மாறியது, பிறகு இரட்டைப் புகைபோக்கி வந்தது, புகை டிரைவரின் கண்ணை மறைக்காமல் இருக்க இரண்டு பக்கமும் தகடுகள் வந்தன. மக்கள் மனதில் இருப்பது 4472 என்ற எண்ணும் இளம்பச்சை நிறமும். ஆனால் இன்றைய உடம்பு 1960களின் உடம்பு. அதனால் அதற்குப் பொருந்துகிற கரும்பச்சை நிறத்தில் 60103 என்ற எண்ணோடு ஓட்டுகிறார்கள். சிலருக்கு இது பிடிக்கவில்லை. எனக்கு இதுதான் நேர்மையாகப் படுகிறது: உடம்பு எந்தக் காலத்தது என்றால் சட்டையும் அந்தக் காலத்தது.

‘இத்தனையும் மாற்றினால் இது அதே எஞ்சின்தானா?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஓடிய காலத்திலேயே பாய்லர்கள் எஞ்சினுக்கு எஞ்சின் மாறிக்கொண்டுதான் இருந்தன. சட்டத்தைச் சரிசெய்ய ஆகிற நேரத்தைவிடப் பாய்லரைச் சரிசெய்ய அதிக நேரம் ஆகும் என்பதால், பட்டறைகள் உபரிப் பாய்லர்களை வைத்துக்கொண்டு, தயாராக இருந்த ஒன்றை மாட்டி எஞ்சினை உடனே அனுப்பிவிடும். மீட்டெடுப்பவர்கள் இணைப்புத் தண்டுகளைச் சுத்தம் செய்யும்போது வேறு எஞ்சின்களின் எண்கள் பொறித்திருப்பதைப் பார்ப்பது சாதாரணம். அதனால் பெரும்பாலும் சட்டம் எதுவோ அதுவே எஞ்சினின் அடையாளம் என்று வைத்துக்கொள்கிறார்கள்.

இனி மாற்றியமைத்தல். இதில் சில மாற்றங்கள் நம் விருப்பம் இல்லை, கட்டாயம். இன்றைய பிரதான பாதையில் மின்சார ரயில்களுக்கு நடுவே ஓட வேண்டுமானால் சிவப்பு சிக்னலைத் தாண்டினால் தானாக பிரேக் போடுகிற கருவி, ரேடியோ, ஓட்டத்தைப் பதிவு செய்கிற கருவி எல்லாம் வேண்டும். அவற்றுக்கு மின்சாரம் வேண்டும், அதிர்விலும் சூட்டிலும் கரித்தூசியிலும் அவை தாக்குப்பிடிக்க வேண்டும். தண்ணீரும் பிரச்சினை: வழியில் தண்ணீர் பிடிக்கிற ஏற்பாடுகள் எல்லாம் போய்விட்டன. அதனால்தான் 1966இல் ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மனுக்குப் பின்னால் தண்ணீருக்காகவே இரண்டாவது டெண்டரை (எஞ்சினோடு கரியும் தண்ணீரும் சுமந்து வருகிற வண்டி) சேர்த்தார்கள்.

எரிபொருள் மாற்றம் அடுத்தது. யூனியன் பசிபிக் நிறுவனத்தின் ‘பிக் பாய்’ 4014, 1941இல் செய்த ராட்சத எஞ்சின், டெண்டரோடு 500 டன்னுக்கு மேல். கண்காட்சியில் நின்றிருந்த அதை 2013இல் திரும்ப வாங்கி, 2019இல் ஓட்டிக் காட்டியபோது அது கரியில் ஓடவில்லை, எண்ணெயில் ஓடியது. நீலகிரி மலை ரயிலின் எக்ஸ் வகை எஞ்சின்களும் அப்படித்தான். சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் பிறந்த அந்தப் பல்சக்கர எஞ்சின்களில் எண்ணெய் எரிப்பைக் கொண்டுவந்தார்கள், பிறகு பொன்மலைப் பணிமனையில் எண்ணெயில் ஓடுகிற புதிய எஞ்சின்களையே அதே வடிவில் கட்டினார்கள். எண்ணெய் என்றால் நெருப்புப் பொறி குறைவு, காட்டுப் பாதையில் அது பெரிய விஷயம். சாம்பல் அள்ள வேண்டாம். நெருப்பை உடனே கூட்டவும் குறைக்கவும் முடியும். அந்த உடனேயில்தான் அபாயமும் இருக்கிறது: சட்டென்று சூடேறிச் சட்டென்று குளிர்கிற ஃபயர்பாக்ஸ் தகடுகளும் ஸ்டேகளும் கரியில் பட்டதைவிட அதிகம் அடிபடும். அதனால் கரிக்காகக் கட்டின ஃபயர்பாக்ஸில் பர்னரை எங்கே வைப்பது, சுவரை எந்தச் செங்கல்லால் காப்பது என்பதெல்லாம் யோசித்துச் செய்ய வேண்டிய வேலை.

எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது வகை, எஞ்சினை முன்பு இருந்ததைவிட நன்றாக ஓட வைக்கிற மாற்றம். ‘டியூக் ஆஃப் க்ளோஸ்டர்’ கதையைக் கேளுங்கள். எண் 71000, 1954இல் கட்டியது, அந்த வகையில் அது ஒன்றே ஒன்றுதான். ஓடின காலத்தில் நீராவி போதவில்லை, கரியை விழுங்கியது, யாருக்கும் பிடிக்கவில்லை, 1962இல் ஓய்வு. சிலிண்டரைக் கழற்றி அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டு மிச்சத்தைப் பாரி களத்துக்கு அனுப்பினார்கள். 1970களில் அதை வாங்கியவர்கள் புதுச் சிலிண்டர் வார்த்து, ஒவ்வொரு பாகமாகப் பிடித்து 1986இல் ஓட வைத்தார்கள். அந்த வேலையின்போதுதான் சாம்பல் தட்டுக்குக் காற்று நுழைகிற கதவுகள் வரைபடத்தில் இருந்த அளவுக்கு இல்லாமல் சிறிதாகச் செய்யப்பட்டிருந்தது தெரிந்தது. அத்தனை ஆண்டுகளும் அந்த எஞ்சின் மூச்சுத் திணறிக்கொண்டு ஓடியிருக்கிறது! காற்று வழியைச் சரிசெய்து, கைல்சாப் என்கிற மேம்பட்ட புகைபோக்கி முனையையும் பொருத்தியதும், தோல்வி என்று ஒதுக்கப்பட்ட எஞ்சின் பிரிட்டனின் மிக வலுவான பயணிகள் எஞ்சின்களில் ஒன்றாக நின்றது.

முன்னே மனதில் வைக்கச் சொன்ன இழுப்பு இங்கேதான் வருகிறது. நீராவி புகைபோக்கிக்குள் பாயும் முனையைக் குறுக்கினால் இழுப்பு கூடும், ஆனால் வெளியேற வழியில்லாத நீராவி பிஸ்டனையே எதிர்த்துத் தள்ளும், சக்தி வீணாகும். குறைந்த எதிர்ப்பில் நிறைய இழுப்பு வேண்டும் என்பதுதான் நூறாண்டுத் தேடல். பின்லாந்தின் கைலாலாவும் பிரான்சின் ஷாப்லோனும் சேர்ந்த பெயர்தான் கைல்சாப். ஆஸ்திரியாவின் கீஸ்ல் ஒரு தட்டையான நீள்வடிவப் புகைபோக்கியைத் தந்தார். அர்ஜென்டினாவின் போர்ட்டா லெம்போர் என்ற முனையைத் தந்தார். போர்ட்டா நெருப்பையே மாற்றி யோசித்தவர். கரிப் படுக்கைக்குக் கீழிருந்து காற்றைக் குறைத்து நீராவியையும் சேர்த்து விட்டால், கரி முதலில் எரிவாயுவாக மாறும், அந்த வாயுவை மேலிருந்து வரும் காற்று முழுவதுமாக எரிக்கும், அப்போது எரியாத கரித்துகள்கள் புகைபோக்கி வழியாகப் பறந்து வீணாவது குறையும். லெம்போர் முனையையும் இந்த நெருப்பு முறையையும் வைத்து டேவிட் வார்டேல் 1981இல் தென்னாப்பிரிக்காவில் ஒரு எஞ்சினை மாற்றியமைத்தார். சிவப்பு பெயின்ட் அடித்த அதற்கு ‘ரெட் டெவில்’ என்று பெயர். மூல வகையோடு ஒப்பிட்டால் கரியும் தண்ணீரும் கால்பங்குக்கும் மேல் மிச்சம், சக்தியோ முன்பைவிட நிறைய.

இவ்வளவு நல்ல மாற்றம் என்றால் எல்லா எஞ்சினிலும் செய்துவிடலாமே? என் கருத்து: அந்த வகையில் கடைசியாக மிஞ்சியது, பிறந்த நிலையிலேயே இருப்பது என்றால் கை வைக்கக் கூடாது. நிறைய எஞ்சின்கள் மிஞ்சியிருக்கிற வகையில் ஒன்றை எடுத்து, திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவரும்படி கழற்றக்கூடிய மாற்றங்களைச் செய்யலாம், கழற்றிய பழைய பாகத்தைப் பெயர் எழுதிப் பத்திரமாக வைக்க வேண்டும், என்ன செய்தோம் ஏன் செய்தோம் என்று எழுதியும் வைக்க வேண்டும். முனையை மாற்றுவது போல்ட் கழற்றுகிற விஷயம், சட்டத்தை வெட்டுவது அப்படி இல்லை. இதையும் தாண்டிப் பரிசோதிக்க ஆசைப்பட்டால் புதிதாகவே கட்டலாம். பிரிட்டனில் 1960களில் ஒன்றுகூட மிஞ்சாமல் உடைக்கப்பட்ட ஒரு எஞ்சின் வகையை, பொதுமக்கள் தந்த பணத்தில் ‘டொர்னேடோ’ என்ற பெயரில் 2008இல் புதிதாகக் கட்டி முடித்தார்கள். பழைய வரைபடங்கள், ஆனால் ஜெர்மனியில் செய்த வெல்டிங் பாய்லர், எஃகு ஃபயர்பாக்ஸ். அதில் புதுமை செய்ததால் எந்தச் சரித்திரமும் அழியவில்லை.

சரி, எல்லாம் பொருத்தியாயிற்று, பாய்லர் தேறிவிட்டது, பெயின்ட் காய்ந்துவிட்டது. உடனே பயணிகளை ஏற்றமாட்டார்கள். எஞ்சினை மட்டும் மெதுவாகக் கொஞ்ச தூரம் ஓட்டி, நிறுத்தி, இறங்கி, ஒவ்வொரு பேரிங்காகப் புறங்கையை வைத்துப் பார்ப்பார்கள். கை தாங்கினால் சரி, தாங்காவிட்டால் கழற்றிச் சுரண்டிப் பொருத்த வேண்டும். அடுத்து இன்னும் கொஞ்சம் தூரம், இன்னும் கொஞ்சம் வேகம், பிறகு காலிப் பெட்டிகள். எங்கே சத்தம் வருகிறது, எங்கே கசிகிறது என்று குறித்துக்கொண்டு பட்டறைக்குத் திரும்புவார்கள், மறுபடி வருவார்கள். பயணிகளோடு ஓடத் தொடங்கியபின் குறிப்பிட்ட நாட்களுக்கு ஒருமுறை பாய்லரைக் குளிர வைத்து, அடைப்புகளைக் கழற்றி, தண்ணீரைப் பீய்ச்சி உப்பையும் சேற்றையும் கழுவி வெளியேற்றுவார்கள். சான்றிதழின் ஆண்டுகள் முடிகிற அன்று, எஞ்சின் எவ்வளவு நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் நெருப்பை அணைத்து, பட்டறைக்குள் தள்ளி, கிரேனை வரவழைத்துப் பாய்லரைத் தூக்குவார்கள்.